ரின்னின் பின்பக்கம்

முட்டை என்ற அந்தச் சொல்லை என் கண் தாண்டிப் போயிருந்தால் என்ன?

குசினி வாசலில் குந்தியிருந்து அடுப்புக்குப் பாளை முறித்துக்கொண்டிருந்த மகாதேவிக்கு மூன்று நாட்களாக இதே நினைப்புத்தான். ஒரே ஒரு சொல். அரிசிக் குறுணியிலும் சின்ன எழுத்து. அதை வாசிக்காத மகாதேவி ஒருத்தி எங்கேயோ நிம்மதியாக இருக்கிறாள் என்று தோன்றியது. அவள்மீது பொறாமையாகக்கூட இருந்தது.

உள்ளே அம்மா பாயில் சுருண்டு படுத்திருந்தாள். கந்தசட்டியின் ஆறாம் நாள். ஐந்து நாட்களாக ஞானாம்பிகையின் வாயில் ஒரு பருக்கை சோறு படவில்லை.

மாசி மாதம் கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போகிறேன் என்று புறப்பட்ட தம்பி தியாகலிங்கம் ஒரு துண்டுக் கடிதம் போடவில்லை. வவுனியாவில் கண்டதாக ஒருவர் சொன்னார். மன்னாரில் என்று இன்னொருவர். எட்டு மாதம் இப்படியே போய்விட்டது. மகன் வந்து சேர வேண்டும் என்று அம்மா பிடிக்கிற விரதம் இது. பகல் முழுக்கத் தண்ணீர். மாலைப் பூசை மணி கேட்ட பிறகு ஒரு பேணி பால்.

அந்த ஒரு பேணி பாலுக்குத்தான் வழியில்லாமல் போயிற்று. தெல்லிப்பழை வீட்டில் பசு நின்றது. இரண்டு வருடத்துக்கு முன் ஊரோடு எழும்பி ஓடி வந்தபோது பசு ஓடி வரவில்லை. நீர்வேலியில் பஞ்சலிங்கத்தாரின் வாழைத்தோட்டத்து வீட்டில் இரண்டு அறைகளில் ஒதுங்கியிருக்கிறவர்கள் யாரிடம் போய்ப் பால் கேட்பது? அவருடைய மாடு வற்றி நின்றது. அயலில் கறக்கிற பால் எல்லாம் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் போனது. இரண்டாம் நாளே அம்மா கிணற்றடியில் மயங்கி விழுந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் அந்தத் தகர ரின்னின் ஞாபகம் வந்தது. கொழும்பிலிருந்து குணலட்சுமிச் சித்தி, சைக்கிளில் சாமான் ஏற்றி இறக்குகிற தம்பிஐயாவிடம் கொடுத்துவிட்ட சொக்கலேற் பால்மா. கடல் தண்ணீர் படக்கூடாதென்று சித்தி அதைச் சுற்றிப் பிளாஸ்ரர் நாடா ஒட்டியிருந்தாள். முன்பக்கத்தில் மட்டும் பச்சைப் புல்வெளியில் ஒரு மாடு வெளியே தெரிந்தது.

"கொக்கோ எண்டால் என்ன பிள்ளை?" மயக்கம் தெளிந்து, கொக்கோ கலந்த பால்மா இருக்கிறது என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அது ஒரு மரத்தின்ரை கொட்டை அம்மா. வறுத்து இடிக்கிறது. எங்கடை கோப்பி மாதிரி."

"விரதத்துக்கு ஆகுமோ?"

அப்பா கோயிலுக்கு ஓடினார். ஐயர் கண்ணை மூடி யோசித்தாராம். "மரத்திலைதானே காய்க்குது? அப்ப பிழையில்லை. எதுக்கும் எனக்கும் ஒரு கரண்டி கொண்டந்து காட்டுங்கோ, மணத்தைப் பாப்பம்" என்றாராம். சொக்கலேற்றை மணந்து எத்தனை காலம்! அப்பா வந்து அதைச் சொன்னபோது அம்மாகூடச் சிரித்தாள்.

மகாதேவி இடம்பெயர்ந்த பள்ளிக்கூடமொன்றில் மனையியல் படிப்பிக்கிறவள். பிளாஸ்ரர் மறைக்காத முன்பக்கத்தில், மாட்டுக்குக் கீழே, சத்து அட்டவணை இருந்தது. நூறு கிராமில் புரதம் பன்னிரண்டு, காபோவைதரேற்று எழுபது, கொழுப்பு ஆறு. கல்சியம், இரும்புச்சத்து, விற்றமின்கள். கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற குரலில் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். பாலும் முளைவிட்ட பார்லியும் கொக்கோவும், வேறொன்றும் இல்லை என்று முடித்தாள். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

அம்மா "முருகா" என்று குடித்தாள். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஒரு வெடுக்கு மணம் வருதடி."

"கடலாலை வந்த ரின் அம்மா. அதுதான்."

மூன்றாம் நாள் மாலை, அம்மா குடித்து முடித்த பிறகு, ரின்னில் எறும்பு ஏறியது. பிளாஸ்ரர் பசைக்குத்தான் எறும்பு வருகிறது என்று அதை உரித்தாள். பின்பக்கத்தில் சேர்மானங்கள் வரிசையாக இருந்தன. மோல்ற் சாறு, ஆடை நீக்கிய பால்மா, சீனி, கொக்கோ, முட்டைத்தூள், உப்பு.

திரும்ப வாசித்தாள். யன்னலடிக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் வாசித்தாள். பன்னிரண்டு கிராம் புரதம் எங்கேயிருந்து வந்தது என்று ஒரு மனையியல் ரீச்சர் கேட்டிருக்க வேண்டாமா? சத்தை வாசித்தவள் சேர்மானத்தைத் தேடவில்லை. செவ்வாயும் வெள்ளியும் முட்டை பொரித்த சட்டியைக்கூடக் குசினிக்குள் விடாத அம்மா, கந்தசட்டியில் முட்டை குடித்திருக்கிறாள்.

அப்பாவிடம் மட்டும் சொன்னாள். நமசிவாயம் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டு நின்றவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"இப்ப சொல்லாதை பிள்ளை. உதையும் விட்டால் கொம்மா தாங்கமாட்டா. விரதம் முடிச்சுப் பாறணை ஆகட்டும். பேந்து நான் பக்குவமாச் சொல்லுறன்."

அவள் தலையாட்டினாள். நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் தெரிந்துகொண்டே கலந்து கொடுத்தாள். கரண்டி பேணியில் மோதுகிற சத்தம் கேட்காமல் மெல்லக் கலந்தாள். களவு செய்கிறவர்கள் இப்படித்தான் மெல்ல நடப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"பிள்ளை!"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல். மகாதேவி எழுந்து போனாள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் குழிக்குள் போயிருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது.

"இண்டைக்கு எனக்கு இடுப்பிலை நாரிநோகூட இல்லை. உந்தப் பால் மருந்துதான். ரின்னிலை இன்னும் கிடக்கோ?"

"கிடக்கு."

"லிங்கன் வந்தால் அவனுக்கும் வேணும். நீ கரண்டியாலை அள்ளித் திண்டு முடிச்சுப் போடாதை."

"நான் ஏன் தின்னுறன்?"

"ஏன், நீ சின்னனிலை குளுக்கோஸ் பெட்டியை ஒளிச்சு வைச்சுத் திண்டனியெல்லோ."

"அது தம்பி அம்மா! அவன் திண்டுபோட்டு என்னிலை சாட்டினவன்."

"அப்ப ஏன் நீ வாய் திறக்கேல்லை? அடி விழேக்கை அழவும் இல்லை. அதுதான் நீயெண்டு நினைச்சன்." அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. "அவன் வரட்டும். ரெண்டு பேரையும் நிப்பாட்டி வைச்சு விசாரிக்கிறன்."

மகாதேவி அம்மாவின் முதுகைத் தடவிவிட்டாள். முள்ளந்தண்டின் ஒவ்வொரு கணுவும் கையில் தட்டுப்பட்டது. இன்று இரவோடு முடிகிறது, நாளைக் காலை பாறணை, பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

மத்தியானம் படலையில் சைக்கிள் மணி கேட்டது.

தம்பிஐயா. வழக்கமாக முற்றத்துக்கு வந்து, "அக்கா, தேத்தண்ணி இருக்கோ, இல்லாட்டி வெறும் தண்ணிதானோ?" என்று கத்துகிறவர், இன்றைக்குப் படலைக்கு உள்ளே கால் வைக்கவில்லை. கையால் அப்பாவைக் கூப்பிட்டார். இருவரும் வாழைகளுக்கு நடுவே போனார்கள்.

மகாதேவி செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். ஏன் போனாள் என்று அவளுக்குத் தெரியாது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்த விதம்தான் அவளை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

"...வவுனியா முகாமிலை சந்திச்சனான் அண்ணை. மார்க்கண்டு எண்டு பேர். அதே வள்ளத்திலை வந்த மனிசன். இரவு தூரத்திலை வெளிச்சம் அடிக்க, விளக்கை அணைச்சுப்போட்டு அவசரத்திலை திருப்பியிருக்கினம். வள்ளம் பிரண்டு போச்சு. மாசி அமாவாசைக்கு ரெண்டு நாள் முந்தி."

"ஆர் ஆரையோ சொல்லுவினம் தம்பி" என்றார் அப்பா. "லிங்கன் எண்டு எத்தினை பேர்."

"நானும் அப்பிடித்தான் கேட்டனான். அதுக்கு அந்த மனிசன் ஒண்டு சொல்லிச்சுது. பக்கத்திலை இருந்த பெடியன் வழி முழுக்கத் தங்கடை மாட்டைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு வந்தவனாம். ஊரை விட்டு வெளிக்கிடேக்கை திரும்பி ஓடிப்போய்க் கயிறை அவிட்டு விட்டவனாம். தகப்பன் பேசினதாம், 'மாட்டுக்காகச் சாகப் போறியோ' எண்டு."

அந்த வார்த்தையைச் சொன்னவர் அப்பா. கேட்டவர்கள் இந்த வீட்டுக்காரர் மூன்று பேர் மட்டும்.

"கரையிலை எடுத்தவையோ?" என்று மகாதேவி கேட்டாள். அது தன் குரல் என்று அவளாலேயே நம்ப முடியவில்லை.

தம்பிஐயா அவளை அப்போதுதான் கண்டார். "தங்கச்சி... எடுத்தவை. அங்கையே அடக்கம் செய்தவை. மார்க்கண்டரும் நிண்டவராம்." தண்ணீரை வாங்கினார், குடிக்கவில்லை. "நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். ஆனால் என்னோடை வந்த ரெண்டு பேருக்கும் தெரியும். ரெண்டு நாளிலை ஊருக்குள்ளை வந்திடும்."

சைக்கிள் போன பிறகும் அவர்கள் இருவரும் அப்படியே நின்றார்கள். காற்றுக்கு வாழையிலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. தம்பி செத்துவிட்டான் என்று மகாதேவி மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல் உள்ளே இறங்கவில்லை. எட்டு மாதமாகச் செத்துத்தான் இருந்திருக்கிறான். அவனுக்கென்று அவள் தைத்துவைத்த சேர்ட், அவன் செத்த பிறகு தைத்தது.

அழ வேண்டும் போலிருந்தது. அப்பா முதலில் அழட்டும் என்று காத்திருந்தாள்.

அப்பா அழவில்லை. வாழைத்தண்டில் கையை ஊன்றிக்கொண்டு, "முட்டையைப் பற்றிக் கொம்மாட்டைச் சொல்லு" என்றார்.

"என்னப்பா?"

"இண்டைக்கே சொல்லு. சூரன்போர் முடிஞ்சு வந்த உடனை."

"நீங்கள்தானே சொல்ல வேண்டாமெண்டனீங்கள்?"

"அது அப்ப." அவர் அவளைப் பார்க்காமலே கதைத்தார். "நாளண்டைக்கு ஊர் வந்து சொல்லும், பிள்ளை போயிட்டான் எண்டு. ஆறு நாள் பட்டினி கிடந்தவள் என்ன கேப்பாள்? ஏன் எண்டு கேப்பாள். அதுக்கு நான் என்ன சொல்லுறது? முருகன் கைவிட்டிட்டார் எண்டோ? உவளுக்கு முருகனும் இல்லையெண்டால் மிச்சம் என்ன இருக்கு? நேரை கிணத்துக்கைதான்."

"அதுக்கு?"

"விரதம் முறிஞ்சு போச்செண்டு முந்தியே தெரிஞ்சால், பிழை எங்கடை பக்கம் எண்டு நினைப்பாள். ஒரு காரணம் இருக்கும். அடுத்த வருசம் வடிவாப் பிடிக்கலாம், அவன்ரை ஆத்துமாவுக்கு எண்டு நினைப்பாள். ஒரு வருசம் இருப்பாள் பிள்ளை."

மகாதேவி மாதங்களை விரல்விட்டு எண்ணினாள்.

"தம்பி போனது மாசியிலை அப்பா. ஐப்பசியிலை குடிச்ச முட்டை மாசியிலை என்ன செய்யும்?"

"மாசியெண்டு சொல்லாமல் விடுவம்."

"தம்பிஐயா அண்ணைக்குத் தெரியும்."

"அவரோடை நான் கதைக்கிறன்."

"அப்ப நான்தான் தம்பியைக் கொண்டனான் எண்டு அம்மா நினைப்பா."

அப்பாவின் கை வாழைக்கயர்க் கறை பட்டுக் கறுத்திருந்தது. அதை வேட்டியில் துடைத்தார். போகாது என்று தெரிந்தும் துடைத்தார்.

"நினைக்கட்டும். ரின்னை நினைக்கட்டும், உன்னை நினைக்கட்டும். நீ தாங்குவாய்." குரல் தளர்ந்தது. "எனக்கும் அப்பிடி ஒண்டு வேணும் மகாதேவி. உந்த முட்டையாலைதான் எண்டு நம்பினால் எனக்கும் நித்திரை வரும். 'மாட்டுக்காகச் சாகப் போறியோ' எண்டு கேட்ட வாய் இது."

அவர் பிள்ளை என்று கூப்பிடாமல் பெயர் சொன்னது அவளைக் கலக்கியது. பதில் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார்.

சூரன்போரை அந்த வருடம் பின்னேரம் மூன்று மணிக்கே வைத்தார்கள். இருட்டினால் விளக்கெரிக்க மண்ணெண்ணெய் இல்லை. குண்டு போடுகிற பொம்மர் வந்தால் சனம் ஓட வெளிச்சமும் வேண்டும். பஞ்சலிங்கத்தாரின் மனைவி பராசக்தி ஒரு பக்கமும் மகாதேவி ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, அம்மா வீதிக்கு நடந்தே போனாள்.

சூரன் தலையை மாற்றி மாற்றி ஆடி வந்தான். பெடியள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மேளம் காதை அடைத்தது. சிங்கத் தலை விழுந்தபோது சனம் அரோகரா என்றது. அம்மா தலைக்குமேல் கைகூப்பி நின்றாள். அதை மகாதேவியால் பார்க்க முடியவில்லை. சனத்தின் பின்னால் நின்ற அப்பாவைத் தேடினாள். அவர் சூரனையும் பார்க்கவில்லை, முருகனையும் பார்க்கவில்லை. அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த மேளச் சத்தத்துக்குள் அழுதால் யாருக்கும் கேட்காது என்று நினைத்தாள். ஆனால் செய்தி கேட்டு மூன்று மணித்தியாலம் ஆகியும் தம்பியை ஒரு நிமிடம்கூட நினைக்க அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அவன் செத்த செய்தியோடு கூடவே ஒரு வேலையும் கையில் தரப்பட்டுவிட்டது. அவனுடைய முகத்தை நினைக்க முயன்றால் முட்டைத்தூள் என்ற எழுத்துத்தான் வந்தது. அவன் இருட்டில், யாரோ ஒரு மார்க்கண்டரிடம், மாட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டு போயிருக்கிறான். பயத்தில் கதைத்திருப்பான். பயந்தால் அவன் அதிகம் கதைப்பான். அந்தப் பயத்துக்குப் பக்கத்தில் இருக்க யாருக்காவது நேரம் வேண்டாமா? இதற்கும் ஒரு கரண்டி மாவுக்கும் என்ன சம்பந்தம்?

அப்பா சொன்னதில் கருணை இல்லாமல் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அம்மா கிணற்றைத் தேடிப் போகமாட்டாள் என்று அவளால் சத்தியம் செய்ய முடியுமா? முடியாது.

வீட்டுக்குத் திரும்பியபோது அம்மாவின் முகம் காய்ச்சல்காரியின் முகம் போல மினுங்கியது.

"சூரன் விழேக்கை லிங்கனைக் கண்ட மாதிரி இருந்துதடி, பராசக்தி. மயிர் வெட்டாமல், ஒரு சேர்ட்டோடை. கெதியா வாறான் எண்டுதான் அர்த்தம், என்ன?"

"ஓமக்கா, வருவான்" என்று சொல்லிவிட்டுப் பராசக்தி வீட்டின் தன் பக்கத்துக்குள் போனாள்.

மகாதேவி அடுப்பிலிருந்து வெந்நீர் இறக்கினாள். பேணியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். எல்லாவற்றையும் வழக்கமான வரிசையில் செய்தாள். ரின்னை எடுக்கக் கை நீட்டியபோது அது அங்கே இல்லை.

அப்பா அதை அறைக்குள் கொண்டுபோயிருந்தார். அம்மாவின் பாய்க்கு முன்னால், பின்பக்கம் மேலே தெரிகிற மாதிரிச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். உரித்த பிளாஸ்ரரின் பசைத் தடத்துக்கு நடுவே எழுத்துகள்.

"பிள்ளை, இஞ்சை வா. உதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு கொம்மாக்கு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு."

அம்மா இரண்டு பேரையும் பார்த்தாள்.

"ஏன், என்ன எழுதிக் கிடக்கு? இத்தினை நாளாக் கேக்காத கேள்வியை இப்ப ஏன் கேக்கிறியள்?" கொஞ்சம் நிறுத்தினாள். "தம்பிஐயா மத்தியானம் வந்தவன்தானே? மணிச் சத்தம் கேட்டது. ஏன் உள்ளுக்கு வராமல் போனவன்?"

"அவருக்கு அவசரம்" என்றார் அப்பா. "வாசி பிள்ளை."

"சொல்லன், என்னடி அது?" அம்மா ரின்னை வாங்கி மகளின் பக்கம் நீட்டினாள். ஐந்து நாள் பட்டினியில் அந்தச் சின்ன ரின்னே அவளுக்குப் பாரமாக இருந்தது. மணிக்கட்டு தாழ்ந்து போனது.

மகாதேவி ரின்னைக் கையில் வாங்கினாள். மாலை வெளிச்சத்தில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாம் வரி, நடுவில். வாசித்தால் ஒரு மூச்சில் முடிந்துவிடும். அம்மாவுக்கு ஒரு காரணம் கிடைக்கும். அப்பாவுக்கு நித்திரை வரும். தம்பி மட்டும், வேறொரு மாதத்தில், வேறொரு காரணத்துக்காகச் செத்தவனாகிவிடுவான்.

அப்பாவின் உதடுகள் வாசி, வாசி என்று அசைந்தன.

அவள் ரின்னைத் தரையில் வைத்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில், பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இல்லை அப்பா" என்றாள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. "உதை நான் வாசிக்கமாட்டன்."